கட்டித் துணுக்கு ஏன் வளரவில்லை? உதகை ஆய்வகத்தில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வரிசை

நோயாளியின் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை ஜெல்லுக்குள் சிறு உருண்டைகளாக வளர்த்து, அந்த உருண்டைகளின் மேல் மருந்துகளைச் சோதிப்பது எங்கள் வேலை. உருண்டைக்கு ஆர்கனாய்டு என்று பெயர். சமவெளியில் இதைக் கற்றுக்கொண்டு மலையேறி வரும் இளையவர்கள் முதல் மாதமே ஒரே புகாரோடு வந்து நிற்பார்கள்: “அக்கா, கீழே இதே முறையில் வளர்ந்தது, இங்கே வளரவில்லை.” பழி உடனே மீடியத்தின் மேல், அதாவது செல்களுக்கு உணவாகும் திரவத்தின் மேல் விழும். விலை உயர்ந்த வளர்ச்சிக் காரணிகளைப் புதிதாக வாங்கித் தரச் சொல்லி விண்ணப்பமும் எழுதிவிடுவார்கள்.

என் குறிப்பேட்டில் மீடியம் குற்றவாளியாக நின்ற பக்கங்கள் மிகக் குறைவு. பனிக்கட்டி, குளிர்ந்த பிளேட், அழுத்தமானி, தீர்ந்துபோன சிலிண்டர் ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்து எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்ப் படியுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி 1: முதல் நாளே செல்கள் செத்துக் கிடக்கின்றன

செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரைபன் நீலம் கலந்து எண்ணும்போது பாதிக்கு மேல் நீலமாகத் தெரிந்தால் ஜெல்லில் கை வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் திசுவை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அது எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

*திசு வெளுத்து, ரப்பர் போல விறைத்திருந்தால்:* ஃபார்மலின், திசுவைக் கொன்று பதப்படுத்தும் திரவம். அறுவை அரங்கில் வழக்கமாக எல்லாத் துணுக்குகளும் அதில்தான் போகும். பழக்கதோஷத்தில் நம்முடையதும் போய்விடும். இதற்கு மருந்தில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அடுத்த முறை உங்கள் குழாயை வேறு நிற மூடியோடு, “ஃபார்மலின் வேண்டாம்” என்று பெரிதாக எழுதி, முந்தைய நாளே அரங்கின் செவிலியர் கையில் கொடுத்துவிடுங்கள்.

*ஓரங்கள் கருகி, பழுப்பாக இருந்தால்:* மின்சுருளால் சீவி எடுத்த துணுக்கு. சிறுநீர்க்குழாய் வழியாகக் கட்டியைச் சுரண்டும் அறுவையில் இது இயல்பு. கருகிய பகுதியைக் கத்தியால் சீவிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். இதுவே தொடர்ந்தால் அறுவை மருத்துவரிடம் நேரில் பேச வேண்டும். மின்சாரம் பாயாத இடுக்கியால், கட்டியின் மேற்பகுதியிலிருந்து ஒன்றிரண்டு துணுக்குகளை முதலில் கிள்ளித் தர முடியுமா என்று கேளுங்கள். அடிப்பகுதித் துணுக்கை மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். தசை வரை நோய் இறங்கியிருக்கிறதா என்று நோய்க்குறியியல் நிபுணர் அதில்தான் பார்க்கிறார். அந்த நோயாளியின் அடுத்த சிகிச்சையே அதை வைத்து முடிவாகிறது. அவருக்குப் போனது போக மீதிதான் நமக்கு. ஒப்புதல் படிவத்திலும் நோயாளிக்கு இதை இப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

*திசு ஊறி, கொழகொழவென்று இருந்தால்:* அறுவையின்போது பையைக் கழுவிய திரவத்திலேயே கிடந்திருக்கும். வெறும் நீராக இருந்தால் செல்கள் ஊதி வெடித்துவிடும். எடுத்தவுடன் நம் திரவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஹெப்பிஸ் கலந்த அட்வான்ஸ்டு டி.எம்.இ.எம்./எஃப்12 மீடியம், கூடவே ஆன்டிபயாடிக், பிரிந்த செல்கள் சாகாமல் காக்கும் ஒய்-27632 என்ற மருந்து 10 மைக்ரோமோலார்: நாங்கள் அனுப்புவது இது.

*பார்க்க நன்றாக இருந்தும் செத்திருந்தால்:* பெட்டியைச் சந்தேகியுங்கள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி குன்னூர், பிறகு உதகை என்று மாதிரி வந்து சேர்வதற்குள், கோடை சீசனாக இருந்தால், பாதி நாள் போய்விடும். நேரம் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. 4 டிகிரியில் இருந்தால் திசு தாங்கும். கெடுப்பது பனிக்கட்டி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பொட்டலத்தை ஒட்டியே குழாயை வைத்துவிடுவார்கள். திசு உறைந்து, உருகி, செத்து வரும். குழாயைச் சுற்றி நான்கு மடிப்புத் துண்டு, அதற்கு வெளியே பொட்டலம். பெட்டிக்குள் ஒரு சாதாரண வெப்பமானியும் வையுங்கள். எங்கள் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்து ஓட்டுநர் அண்ணன் ஒருவர், “என்னம்மா, மீனா?” என்று கேட்டார். மீன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மீன் பெட்டியை யாரும் வெயிலில் வைப்பதில்லை.

இன்னொன்று. கீழே இறுக மூடிய குழாயை இங்கே திறந்தால் ‘டப்’ என்று ஓசை வரும். குன்னூர் கடைகளில் சிப்ஸ் பொட்டலங்கள் தலையணை போல உப்பித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே காரணம்தான். மூடி தளர்வாக இருந்தால் வழியிலேயே திரவம் கசிந்து திசு காய்ந்துவிடும். குழாயில் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை திரவம் ஊற்றி, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் திசுவைப் பிரிக்கும் நொதியில் அதிக நேரம் வைத்திருப்பீர்கள். கொலாஜினேஸில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். தனித்தனிச் செல்லாக உடைய வேண்டியதில்லை; பத்து இருபது செல்கள் சேர்ந்த கொத்துகளே நன்றாக வளரும்.

அறிகுறி 2: ஜெல் துளி நிற்காமல் தோசை மாதிரி பரவுகிறது

இது கிட்டத்தட்ட எங்கள் ஊருக்கே சொந்தமான பிழை. நாம் பயன்படுத்தும் ஜெல்லான மேட்ரிஜெல் 10 டிகிரிக்குக் கீழே திரவம், அதற்கு மேலே போனால் இறுகத் தொடங்கும். சமவெளியில் எல்லோரும் பயப்படுவது பிப்பெட் முனையிலேயே இறுகிவிடுமோ என்றுதான். உதகையில் ஜனவரி காலை, புல்வெளி வெள்ளையாக உறைபனி மூடிக் கிடக்கும் நாளில், ஆய்வக மேசையே குளிர்பெட்டி. துளி விழும், இறுகாது, பரவும்.

முதலில் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அதுதான் காரணம். முந்தைய இரவே பிளேட்டை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள். துளி விடும்போதும் வெறும் எஃகு மேசையில் வைக்காமல், சூடேற்றும் தகட்டின் மேலோ, அது இல்லையென்றால் இன்குபேட்டரில் சூடாக்கிய தடித்த அலுமினியத் தகட்டின் மேலோ வைத்து வேலை செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஆறு துளிக்கு மேல் விடாதீர்கள். அதற்குள் தகடு ஆறிவிடும்.

பிளேட் சூடாக இருந்தும் பரவினால், செல் வண்டலின் மேல் மீடியம் மிச்சமிருந்து ஜெல்லை நீர்க்கச் செய்திருக்கும். சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்ததும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுங்கள். ஜெல் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. அதன் பிறகும் பரவினால் மட்டும் ஜெல் பாட்டிலைச் சந்தேகியுங்கள். பலமுறை உருக்கி உறைய வைத்ததா என்று பாருங்கள். வந்த அன்றே சிறு சிறு குழாய்களில் பிரித்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

துளி நின்ற பிறகு பிளேட்டைக் கவிழ்த்து 20 முதல் 30 நிமிடம் இன்குபேட்டரில் வையுங்கள். கவிழ்க்காவிட்டால் செல்கள் அடியில் படிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொல்லை அறிகுறி 5இல் வரும்.

அறிகுறி 3: மீடியத்தின் நிறம் மாறுகிறது

நிறத்தை இன்குபேட்டரின் உள்கண்ணாடி வழியாகவே பாருங்கள். வெளியே எடுத்து வைத்தால் சில நிமிடங்களிலேயே ரோஜாவாக மாறத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

*நாவல்பழ நிறமாக இருந்தால்:* மீடியத்தின் அமிலத்தன்மையைச் சரியாக வைக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குள் வரவேயில்லை. சிலிண்டர் தீர்ந்திருக்கும், குழாய் கழன்றிருக்கும் அல்லது கதவு சரியாக மூடியிருக்காது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருப்பதால், திரவம் தீரும் வரை அழுத்தமானி அசையாது. அது காட்டும் எண் அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. கோவை வெயிலில் 70 பார் காட்டிய சிலிண்டர் உதகையின் குளிர்ந்த காலையில் 40, 45 காட்டும். புதியவர்கள் பதறிப்போய், பாதி தீர்ந்துவிட்டதென்று திருப்பி அனுப்பியும் விடுகிறார்கள். அழுத்தமானியை விட்டுவிடுங்கள். சிலிண்டரை எடைபோடுங்கள். கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால் மிச்சம் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள், சுவரில் மாட்டிய தாளில் எழுதுங்கள்.

*சற்றே ரோஜாச் சாயல் ஏறி, வளர்ச்சியும் மந்தமாக இருந்தால்:* மலைதான் காரணம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் உதகையில் சுமார் 580. இன்குபேட்டரில் வழக்கமாக வைக்கும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இங்கே, கீழே உள்ள 5 சதவீதத்தின் முக்கால் பங்கு வாயுதான். மீடியத்தின் பி.எச். 0.1க்கு மேல் ஏறி நிற்கும். ஒரே நாளில் கொல்லாது. இரண்டு வாரத்தில் ஆர்கனாய்டுகளைச் சோர்ந்துபோகச் செய்யும்.

உடனே 5ஐ 6.5 ஆக்கிவிடாதீர்கள். சில கருவிகளின் உணரி அழுத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளாத வகை வாயு குறைவதை ஓரளவு தானே சரிக்கட்டியிருக்கும். முதலில் அமைப்புப் பட்டியலில் உயரம் என்ற இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் பூஜ்யம் மீட்டர் என்றே இருக்கும். அதை உங்கள் ஊரின் உயரத்துக்கு மாற்றுங்கள். அந்த இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், செல் இல்லாத மீடியத்தைத் திறந்த தட்டில் ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்து, காலையில் எடுத்த கையோடு பி.எச். பாருங்கள். 7.2க்கும் 7.4க்கும் இடையில் இருந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் பரவாயில்லை. 7.5ஐத் தாண்டினால் அரை சதவீதமாக ஏற்றி, ஒவ்வோர் இரவும் சோதியுங்கள். உதகையில் ஏறக்குறைய 6.5இல் வந்து நிற்கும். குன்னூர் தாழ்வு என்பதால் அங்கே இன்னும் சற்றுக் குறையும். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு எங்கள் கணக்கே பொருந்தும்.

7 சதவீதம் வரை ஏற்றியும் பி.எச். இறங்கவில்லையென்றால் உணரி பழுது. அங்கே நிறுத்திவிட்டுக் கருவி நிறுவனத்தின் பொறியாளரை அழையுங்கள். வாயுவை வெளியிலிருந்து அளக்கும் கருவியோடு வரச் சொல்லுங்கள். அது இல்லாமல் வந்தால் அவரும் திரையைத்தான் பார்ப்பார்.

*மஞ்சளாக மாறினால்:* ஆர்கனாய்டு அடர்த்தியாக இருந்தால் மீடியத்தை மாற்றினாலே போதும். அடர்த்தி இல்லாமல் ஓர் இரவில் மஞ்சளானால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 4: கலங்கல், நூல், மிதக்கும் பஞ்சு

*ஓர் இரவில் கலங்கினால்:* பாக்டீரியா. சிறுநீர்ப்பையிலிருந்து வரும் திசு என்பதை மறக்கக் கூடாது. நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தால் கிருமி திசுவோடுதான் வரும். அவருடைய சிறுநீர்க் கல்ச்சர் முடிவை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். திசுவை ஆன்டிபயாடிக் கலந்த உப்புக் கரைசலில் ஐந்து முறை கழுவி, முதல் வாரம் முழுக்க மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ப்ரிமோசின் என்ற ஆன்டிபயாடிக் கலவையைச் சேருங்கள். பி.சி.ஜி. மருந்து பைக்குள் ஏற்றப்பட்ட நோயாளியா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அந்த மாதிரியை மற்றவற்றோடு ஒரே இன்குபேட்டரில் வைக்காதீர்கள். உயிருள்ள கிருமி அது. நுண்ணுயிரியல் துறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

*நூல் நூலாக ஓடினால்:* பூஞ்சை. காப்பாற்ற முயலாதீர்கள். பிளேட்டை மூடியபடியே எடுத்துப்போய் ஹைப்போகுளோரைட்டில் மூழ்கடியுங்கள். ஜூனில் மழை பிடித்தால் எங்கள் ஊரில் செருப்பிலும் பூஞ்சை, புத்தகத்திலும் பூஞ்சை. அட்டைப்பெட்டி எதையும் வளர்ப்பு அறைக்குள் விடாதீர்கள். இன்குபேட்டரின் நீர்த்தட்டை வாரம் ஒரு முறை கழுவி, கிருமி நீக்கிய நீரை ஊற்றுங்கள்.

*வெவ்வேறு பிளேட்டுகளில், வெவ்வேறு ஆட்கள் கையில், ஒரே வாரத்தில் வந்தால்:* ஆட்டோகிளேவ், அதாவது நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் பாத்திரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. “15 பவுண்டு, 15 நிமிடம்” என்று எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. அங்கே 15 பவுண்டில் நீராவி 121 டிகிரியைத் தொடும். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம் மட்டுமே. வெளிக்காற்றே இங்கே குறைவு. ஆக உதகையில் 15 பவுண்டில் கிடைப்பது சுமார் 117 டிகிரிதான். இந்த ஊரில் வீட்டுச் சமையல் செய்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை: தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது.

வெப்பநிலை காட்டும் ஆட்டோகிளேவ் என்றால் அழுத்தத்தை மறந்துவிட்டு 121 வந்த பிறகு நேரத்தை எண்ணுங்கள். அழுத்தமானி மட்டும் உள்ள பழைய செங்குத்து வகை என்றால் 121க்கு ஏறக்குறைய 18.5 பவுண்டு தேவை. அந்தப் பாத்திரம் அதற்கு அனுமதி பெற்றதா என்று தெரியாமல் வால்வைத் திருகாதீர்கள். அது பொறியாளர் வேலை, விளையாட்டில்லை. அவர் வரும் வரை 15 பவுண்டிலேயே 40 நிமிடம் வைத்து, வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் அடைத்த ஸ்போர் ஆம்பியூல் ஒன்றை நடுவில் வைத்துச் சரிபாருங்கள். ஆம்பியூலில் வளர்ச்சி தெரிந்தால் அந்தச் சுற்றில் வைத்த அத்தனையும் மறுபடி.

கலங்கலே இல்லாமல் வளர்ச்சி மட்டும் தேய்ந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாது, மாதம் ஒரு பி.சி.ஆர். தவிர வேறு வழியில்லை.

அறிகுறி 5: நன்றாக வளர்ந்தது, பிரித்து நட்டதும் நின்றுவிட்டது

பிரித்த அன்று ஒய்-27632 சேர்த்தீர்களா? பாதி முறை விடை “மறந்துவிட்டேன்” என்பதுதான். அடுத்து, எத்தனை மடங்காகப் பிரித்தீர்கள்? முதல் சில பாசேஜ்களில், அதாவது பிரித்து நடும் சுற்றுகளில், ஒன்றை இரண்டாக்கினால் போதும். ஒன்றை ஆறாக்கினால் தனித்து விடப்பட்ட செல்கள் எழாது. அதற்கும் அடுத்து, வளர்ச்சிக் காரணிகளை எடுத்த குழாயின் மேல் தேதி இருக்கிறதா? எஃப்.ஜி.எஃப். வகைகளை உருக்கி உறைய வைத்துக்கொண்டே இருந்தால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். புதுக்குழாய் ஒன்றைத் திறந்து, பழையதோடு பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஒப்பிட்ட பிறகுதான் புதிது வாங்க விண்ணப்பம் எழுதலாம்.

அடியில் நட்சத்திரம் போல, நீள நீளமாகப் படர்ந்த செல்கள் தெரிந்தால் நார்ச்செல்கள். அவற்றோடு சண்டை போட வேண்டாம். ஜெல் துளியை மட்டும் அகல முனைப் பிப்பெட்டால் தூக்கிப் புதுக் குழிக்கு மாற்றுங்கள். ஒட்டியவை அங்கேயே கிடக்கட்டும்.

அக்டோபர், நவம்பரில் நின்றுபோனால் மின்வாரியத்தையும் கணக்கில் சேருங்கள். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரம் வர மணிக்கணக்காகும். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் பதியும் வெப்பமானி ஒன்று இன்குபேட்டருக்குள் இருந்தால், இரவில் என்ன நடந்தது என்று காலையில் தெரிந்துகொள்ளலாம்.

அறிகுறி 6: வளர்கிறது, ஆனால் இது கட்டிதானா?

செழித்து வளரும்போது யாரும் கேட்காத கேள்வி இது. கட்டியை ஒட்டியிருந்த நல்ல திசுவும் இதே மீடியத்தில் வளரும், சில சமயம் கட்டியையே முந்திக்கொள்ளும். உள்ளே வெற்றிடமான குமிழ் என்றால் நல்ல திசு, கெட்டியான உருண்டை என்றால் கட்டி என்று ஒரு நாட்டு வைத்தியம் ஆய்வகங்களில் உலவுகிறது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

செலவு குறைந்தது: உருண்டைகளைப் பாராஃபினில் பதித்து வெட்டி, மூலக் கட்டியின் கண்ணாடித் தகட்டோடு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுவது. அடுத்தது, மூலக் கட்டியில் கண்ட மரபணு மாற்றம் இதிலும் இருக்கிறதா என்று பார்ப்பது. டெர்ட் மரபணுவின் முன்பகுதி மாற்றம் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதால் தொடங்க நல்ல இடம். மூன்றாவது, கைரேகை போல ஆளை அடையாளம் காட்டும் எஸ்.டி.ஆர். டி.என்.ஏ. சோதனை: நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட்டால் மாதிரி மாறிப்போனது தெரிந்துவிடும். ‘எங்கள் ஆய்வகத்தில் மாறாது’ என்று சொல்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். சிறுநீர்ப்பைப் புற்றுச் செல் என்று பல ஆண்டுகள் எலிகளில் பயன்படுத்தப்பட்ட கே.யு.7, உண்மையில் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல் என்று 2013இல் தெரியவந்தது. இரத்தக்குழாய்ச் செல் என்று புழங்கிய ஈ.சி.வி.304, டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்தான்.

மரபணு பொருந்தியும் தோற்றம் பொருந்தவில்லையா? பதற வேண்டாம். 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷென் குழு வெளியிட்ட ஆய்விலேயே, மேலடுக்குத் தன்மை கொண்ட சில கட்டிகள் வளர்ப்பில் அடியடுக்குத் தன்மைக்கு மாறி, எலிக்குள் வைத்ததும் பழையபடி திரும்பின. பிழை என்று தூக்கிப் போடாமல் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

அறிகுறி 7: மருந்துச் சோதனையின் முடிவு ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்து என்றால் எதில் கரைத்தீர்கள் என்பதே முதல் கேள்வி. ஆய்வகங்களில் வழக்கமான கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் மருந்து வலுவிழந்துவிடும். உப்புக் கரைசல்தான் சரி. ஊசி மருந்துக் குப்பியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு நொடி பிடித்துப் பாருங்கள். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாத மருந்து அது, வைத்தால் படிகம் விழும். ஜனவரி இரவில் எங்கள் அலமாரியே குளிர்பெட்டிதான். அடியில் மஞ்சள் துகள் மின்னினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிது எடுங்கள். மற்றபடி ஓரக் குழிகள் காய்வதும், ஒவ்வொரு குழியிலும் உருண்டைகளின் எண்ணிக்கை வேறுபடுவதும் எல்லா ஊரிலும் உள்ள கதை: ஓரக் குழிகளில் வெறும் உப்புக் கரைசலை ஊற்றுங்கள், உருண்டைகளைச் சல்லடையில் சலித்து ஒரே அளவாக்குங்கள்.

அறிகுறி 8: உறைய வைத்தது எழவில்லை

உருக்கும் முறையைக் குறை சொல்வதற்கு முன் திரவ நைட்ரஜன் கலனைத் திறந்து, மரக்கோலை அடி வரை விட்டு, பத்து நொடி வைத்து எடுத்து அசையுங்கள். வெள்ளைப் படலம் படிந்த உயரம்தான் மிச்சமிருக்கும் அளவு. உள்ளே துளையுள்ள குழாயை விடாதீர்கள், திரவம் பீறிட்டு முகத்தில் அடிக்கும். குப்பிகளின் தட்டு திரவத்துக்கு மேலே நின்றிருந்தால், எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்து இழப்பைக் கணக்கிட வேண்டியதுதான். ஒரே நோயாளியின் குப்பிகளில் ஒன்றை மட்டும் உருக்கிப் பார்த்து, எழுந்தால் மற்றவற்றைத் தொடாதீர்கள்.

எங்களுக்கு நைட்ரஜன் கீழேயிருந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடினால் அதுவும் வராது. அதனால் அக்டோபர் முதல் தேதி கோலில் எட்டு அங்குலத்துக்குக் குறைவாகப் படிந்தால், தீரும் வரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியை எடுத்துவிடுகிறேன்.